தேறுதல்

எங்கள் ஊர்ப்பக்கம் நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம், "ஆளு தேறிட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். காய்ச்சல் விட்டதா என்று கேட்கிறவர்கள் குறைவு. காய்ச்சல் விடுவது வேறு, ஆள் தேறுவது வேறு என்று எல்லாருக்கும் தெரியும். இதே சொல்தான் மனசுக்கும். துக்க வீட்டில் தேறுதல் சொல்கிறோம், அழுகிற பிள்ளையைத் தேற்றுகிறோம். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உள்பக்கம் தேய்க்கிற கொட்டைக்கும் தேற்றாங்கொட்டை என்று பெயர். அதே கொட்டையில் செய்த லேகியத்தை உடம்பு வற்றிப்போனவர்களுக்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். உடம்பு, மனசு, தண்ணீர், மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்.

2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. தேறுவதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தில் நான் குடித்த கஷாயங்கள், தின்ற லேகியங்கள், போட்டுக்கொண்ட ஊசிகள், கடைசியில் போய் நின்ற மனநல மருத்துவரின் அறை, இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மருத்துவர் இல்லை. மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு நடந்தது, தேடிப் படித்தது, மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

முதல் மாதம் களைப்புதான், போகப்போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அது வேலை செய்த அலுப்புப் போன்ற களைப்பு இல்லை. அலுப்பு தூங்கினால் போகும். இது தூங்கி எழுந்ததும் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். இன்றைக்கு மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் இன்றைக்கு ஒன்றும் செய்யாது. நாளை மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. யாரோ சொன்னார்கள் என்று சூரிய நமஸ்காரம் ஆரம்பித்தேன். நான்காம் நாளோடு பத்து நாள் படுத்துவிட்டேன். இப்படி உழைப்புக்குப் பிறகு தாமதமாக வந்து ஆளைச் சாய்ப்பது வைரஸ் காய்ச்சலுக்குப் பிந்தைய நோயின் முக்கியமான அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது. இங்கிலாந்தில் நாள்பட்ட களைப்பு நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டச் சொல்வதுதான் பல வருஷ வழக்கம். 2021 அக்டோபரில் அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டுக் குழுவே அதைக் கைவிட்டது. முடிகிற அளவை அறிந்து, அதற்குள் நிறுத்திக்கொள்ளச் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் அதே மாதம்தான் கொரோனாவுக்குப் பிந்தைய நோய்க்கு ஒரு வரையறை கொடுத்தது. தொற்று வந்து ஏறத்தாழ 3 மாதம் கழிந்தும் இருப்பது, குறைந்தது 2 மாதமாவது நீடிப்பது, வேறு காரணம் சொல்ல முடியாதது. படித்தபோது அழுதுவிட்டேன். நான் சோம்பேறி ஆகிவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளி திறந்தார்கள். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தவள், வர்க்கமூலக் குறி போட்டதும் நின்றுவிட்டேன். பதினேழு வருஷமாக எழுதிய சூத்திரம். அடுத்து என்ன என்று தெரியவில்லை. முன்வரிசைப் பெண் பிள்ளை ஒருத்தி மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது, இந்த உடம்போடு இன்னும் எத்தனை வருஷம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வீட்டுக்கும் வந்து, அப்புறம் போகவே இல்லை.

அதற்கு முன்பே, ஜூலையில் பஸ் விட்டதும், அம்மா சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு கட்டைப்பையோடு வந்துவிட்டாள். ஒரு பை முழுக்க நாட்டுமருந்துக் கடை. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், அமுக்கராப் பொடி, சீந்தில் பொடி, கபசுரக் குடிநீர்ப் பாக்கெட்டுகள். "ஏட்டி, ஒன்னைய தேத்திட்டுத்தான் நா ஊருக்குப் போவேன்" என்றாள்.

மருந்தைவிட முதலில் எனக்கு உதவியது அவளுடைய பழைய சோறுதான். அதன் காரணம் வாட்ஸப்பில் சுற்றுகிற காரணம் இல்லை. எனக்கு மோப்பம் போய், திரும்பி வரும்போது கோணலாக வந்திருந்தது. தாளிக்கிற வாசனை ரப்பர் எரிகிற நாற்றமாக அடித்தது. காபி, வெங்காயம், கொதிக்கிற பருப்பு, எது பக்கத்தில் வந்தாலும் குமட்டும். ரசமும் சோறுமாக ரெண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. சூடான சாப்பாட்டில்தான் வாசனை மேலெழும்பி வரும். ஆறின சாப்பாட்டில் அது அடங்கியிருக்கும். நீராகாரத்தில் கையால் பிசைந்த குளிர்ந்த சோறும் தயிரும் உப்பும் நாற்றமில்லாமல் உள்ளே போயின. இட்லியையும் ஆறவைத்துக் கொடுத்தாள். பச்சைப்பயறு அவித்து ஆறவைத்துத் தேங்காய்ப்பூ தூவிக் கொடுத்தாள். மோப்பம் கெட்டவர்களுக்கு ஆறின, காரமில்லாத உணவைக் கொடுங்கள் என்று மருத்துவர்களும் சொல்வதைப் பிறகு படித்தேன். அம்மா எதையும் படிக்கவில்லை. நான் எதைத் தள்ளுகிறேன், எதைத் தின்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பழைய சோற்றைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஊறினால் அதில் இரும்புச்சத்து பல மடங்கு ஏறிவிடும் என்று படம் போட்டு அனுப்புகிறார்கள். இரும்பு ஒரு தாது. இல்லாத தாதுவை நொதித்தல் உண்டாக்காது. தானியத்தில் தாதுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட்டைக் குறைத்து, இருப்பதை உடம்பு எடுத்துக்கொள்ள வசதி செய்யும், அவ்வளவுதான். மனசைச் சரிசெய்யும் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அதனால் பழைய சோறு மனச்சோர்வை விரட்டும் என்றும் வருகிறது. குடலில் அவ்வளவு இருப்பது சரிதான். ஆனால் அந்தச் செரட்டோனின் மூளைக்குள் போகாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டாது. பழைய சோறு நல்ல சாப்பாடு. அதற்கு இந்தப் பொய்யெல்லாம் வேண்டாம்.

இனி கஷாயம். கபசுரக் குடிநீரில் பதினைந்து சரக்குகள். சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கிரகாரம், ஆடாதோடை, கற்பூரவள்ளி, கோஷ்டம், நிலவேம்பு, சீந்தில் என்று போகும். சளியோடு வருகிற சுரத்துக்கென்று சித்த மருத்துவத்தில் சொன்னது. 2020இலும் 2021இலும் அரசே அதை வீடு வீடாகக் கொடுத்தது. நான் மே மாதம் ஆரம்பித்து அக்டோபர் வரை ஒருநாள் விடாமல் காலையில் வெறும் வயிற்றில் குடித்தேன். அதற்கு மேல் சீந்தில் பொடி தனியாக. ராத்திரி பாலில் அமுக்கரா. மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்சூல், அது தோழி ஒருத்தி சொன்னது. இதில் எதையும் நான் மருந்துக் கணக்கில் வைக்கவே இல்லை.

அக்டோபரில் சாப்பிடவே பிடிக்காமல், மூத்திரம் மஞ்சளாகப் போனபோது ரத்தம் எடுத்தார்கள். எஸ்ஜிபிடி என்கிற ஈரல் சோதனை 40க்குள் இருக்க வேண்டும். எனக்கு 186. மருத்துவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை, சத்து மாத்திரை மட்டும் என்றேன். அவர் மாத்திரைச் சீட்டை மூடி வைத்துவிட்டு, "வீட்டுல என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மாற்றிக் கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன். கஷாயத்தைச் சொன்னால் திட்டுவார்கள் என்ற பயமும் உள்ளே இருந்தது. அவர் திட்டவில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுதினேன். பதினொன்று வந்தது. கபசுரத்தில் இருக்கிற சீந்திலையே நான் தனியாகவும் தின்றுகொண்டிருக்கிறேன் என்று எழுதும்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஏழு வாரத்தில் ஈரல் பழைய நிலைக்கு வந்தது. பதினொன்றில் எது செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் அதே 2021இல் பதிவு செய்திருந்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அமுக்கராவுக்கும், மஞ்சள் சத்தைச் செறிவாக்கிய கேப்சூலுக்கும் இப்படிப்பட்ட பதிவுகள் உண்டு. மிளகிலிருக்கும் பிப்பரின், மஞ்சளிலிருக்கும் குர்குமின் ரத்தத்தில் ஏறுவதை 20 மடங்கு கூட்டுகிறது என்று 1998இல் பெங்களூருவில் கண்டுபிடித்தார்கள். கேப்சூல் விற்பவர்கள் அதைப் பெருமையாக அச்சடிக்கிறார்கள். 20 மடங்கு ஏறுகிறது என்றால் பயத்தையும் அந்த அளவுக்கு வைத்துக்கொள்ள வேண்டாமா? ரசத்தில் போடுகிற மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்தப் பேச்சு பொருந்தாது. அது சமையல்.

மருந்தை நிறுத்தியதும் அம்மா உடைந்துபோனாள். நான் கொடுத்ததால்தான் ஆச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளைச் சமாதானப்படுத்தத்தான் ஒரு சித்த மருத்துவரிடம் போனோம். பட்டம் படித்த, பதிவு பெற்ற மருத்துவர், வயதான மனிதர். நாடி பார்த்தார். பசி எப்படி, மலம் எப்படி, தூக்கம் எப்படி, கனவு வருகிறதா, எதை நினைத்தால் அழுகை வருகிறது என்று முக்கால் மணி நேரம் கேட்டார். அதுவரை எந்த மருத்துவ அறையிலும் எனக்கு அவ்வளவு நேரம் கிடைத்ததில்லை. ஈரல் ரிப்போர்ட்டை அவரும் வாங்கிப் படித்தார். அம்மாவிடம், "கபசுரம் காய்ச்சல் நேரத்து மருந்தும்மா. சில நாளைக்கு உள்ளது. காய்ச்சல் விட்ட உடம்புல மாசக்கணக்கா அதை ஊத்துனா பசி செத்துப்போகும். இப்ப வேண்டியது மருந்தில்ல, பசி" என்றார். எனக்கு மருந்தே எழுதவில்லை. பயத்தங்கஞ்சி, வாரத்தில் மூன்று நாள் உளுந்தங்களி, தினமும் ஒரு நெல்லிக்காய், பத்து மணிக்குப் படுக்கை என்று எழுதிக்கொடுத்தார். பிறகு, "ரத்தத்துல பி12 பாத்தீங்களா? நீங்க சைவமாச்சே" என்று கேட்டதும் அவர்தான். ஆங்கில மருத்துவர் ஈரலைத் தேடியபோது கஷாயத்தைக் கேட்டார், சித்த மருத்துவர் வைட்டமினைக் கேட்டார். நான் அதுவரை இருவரையும் எதிரெதிர்க் கட்சியாக நினைத்திருந்தேன்.

பி12 அளவு 138 பிகோகிராம். 200க்கு மேல் இருக்க வேண்டும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. வைட்டமின் டி 14. மூன்றுமே தரைமட்டம். இது கொரோனா செய்த வேலை இல்லை. பல வருஷமாகக் கரைந்துகொண்டே வந்த கையிருப்பு. பி12 செடிகொடியில் கிடையாது. கீரையிலும் இல்லை, பயறிலும் இல்லை. முட்டை, மீன், இறைச்சி, ஓரளவுக்குப் பால். எங்கள் வீடு தலைமுறையாகச் சைவம், நானோ பாலைத் தேநீரில்தான் பார்ப்பவள். ஈரல் பி12ஐ வருஷக்கணக்கில் சேமித்து வைப்பதால் குறைவது வெளியே தெரியாது. குறைந்த பிறகு வருகிற அடையாளங்களைப் பாருங்கள்: களைப்பு, மறதி, பாதத்தில் ஊசி குத்துவது போன்ற மதமதப்பு, எரிச்சல், மனச்சோர்வு. கொரோனாவுக்குப் பிந்தைய நோயின் அடையாளங்களோடு பக்கத்தில் வைத்தால் எது எது என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் சொல்கிறேன், மூலிகை வாங்கப் போகிறவர்கள் முதலில் ரத்தம் கொடுங்கள். ரத்தசோகை, ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரை, ஈரல். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு, அசைவம் சாப்பிட்டாலும், பி12 குறையலாம்.

ஊசி போட்டார்கள். ஒன்றரை மாதத்தில் பாதத்து மதமதப்பு பாதியாகிவிட்டது. இரும்பு மாத்திரையோடு நெல்லிக்காய், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம். தேநீரின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், நெல்லியின் புளிப்பு இரும்பை உள்ளே ஏற்றிவிடும். ஃபெரிட்டின் 40ஐத் தாண்ட ஐந்து மாதம் ஆனது. வைட்டமின் டிக்கு 60,000 யூனிட் வாரம் ஒன்றாக 8 வாரம், பிறகு நிறுத்தம். இதைப் பலர் நிறுத்துவதே இல்லை. கொழுப்பில் கரைகிற வைட்டமின் உடம்பில் தங்கும், கால்சியம் ஏறும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். துத்தநாக மாத்திரையும் அப்படித்தான். மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பில் தாமிரம் குறையும்.

கால் எனக்குத் திரும்பி வந்தது. மனசு வரவில்லை.

இதை எழுதத்தான் கை தயங்குகிறது. டிசம்பரில் உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தது. அரைநாள் நின்று பாடம் எடுக்க முடிந்தது. ஆனால் விடிகாலை மூன்றரைக்கு முழிப்பு வரும். நெஞ்சில் அம்மிக்குழவியை வைத்தது போல இருக்கும். மகன் பள்ளியில் நடந்ததைச் சொல்வான், வாய் அசைவது தெரியும், எனக்குள் ஒன்றும் போகாது. இட்லி மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணீர் வடியும், காரணம் இருக்காது. பிடித்தது எதுவுமே இல்லை. சத்து குறைந்ததால் வந்தது என்றால் சத்து ஏறியதும் போயிருக்க வேண்டும். அது போகாதபோது இனி சொல்ல என்ன காரணம் இருக்கிறது, நான்தான் காரணம் என்று நினைத்தேன். வீட்டில் எல்லாரும் நல்ல மனசோடு, "தைரியமா இரு, நல்லதையே நினை" என்றார்கள். நல்லதை நினைக்கிற உறுப்பே வேலை செய்யவில்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

நோய் எதிர்ப்பு அமைப்பு மனசைக் கவிழ்க்க முடியும் என்பதற்கு நான் படித்ததில் என்னை உலுக்கியது இன்டர்ஃபெரானின் கதை. வைரஸ் வந்தால் உடம்பு தானாகச் சுரக்கிற பொருள் அது. ஹெபடைடிஸ் சி நோய்க்குப் பல வருஷம் அதையே ஊசியாகப் போட்டார்கள். அதற்கு முன் மனச்சோர்வு என்றால் என்னவென்றே அறியாதவர்களில் நிறையப் பேர், ஊசி போடத் தொடங்கிய சில வாரங்களில் ஆழ்ந்த மனச்சோர்வுக்குள் போனார்கள். அவர்கள் வாழ்க்கையில் துக்கம் எதுவும் புதிதாக வரவில்லை. வைரஸோடு சண்டை போடுகிற பொருள் மூளைக்கும் செய்தி அனுப்பியது. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கொரோனா வந்த 2,36,000க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் மூவரில் ஒருவருக்கு நரம்பு அல்லது மனநலம் சார்ந்த ஏதோ ஒரு நோய் எழுதப்பட்டிருந்தது. அதிகம் இருந்தவை பதற்றமும் மனச்சோர்வும். இதைப் படித்த பிறகுதான், என் குணம் கெட்டுப்போகவில்லை, எனக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன மறுவாரம் என் கணவர் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்.

போவதற்கு முன் உறவில் ஒரு மதினி, "மூளை மாத்திரையெல்லாம் வேண்டாம், பழகிப்போகும். வல்லாரையும் நீர்ப்பிரமியும் சாப்பிடு, மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது" என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் மனசுக்கான மூலிகை என்று நம் நாட்டில் பெயர் பெற்ற சர்ப்பகந்தாவின் வரலாற்றை அவள் அறிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். புத்தி பேதலித்தவர்களுக்கு நூற்றாண்டுகளாகக் கொடுத்துவந்த வேர் அது. 1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அது ரத்தக் கொதிப்பை இறக்குவதை எழுதி உலகத்துக்குக் காட்டினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். அதே ரெசர்பின் சாப்பிட்ட ரத்தக் கொதிப்பு நோயாளிகள் சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள் என்றும் பதிவுகள் வந்தன. நம் வேர் எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பெரிய மருந்து என்பதால்தான் அதற்குப் பக்கவிளைவும் இருந்தது. அமுக்கரா மன அழுத்தத்தையும் தூக்கத்தையும் கொஞ்சம் சீராக்குகிறது என்று சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. நான் அதை மறுக்கவில்லை. அது தைராய்டின் அளவையும் மாற்றும், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மந்தத்தைக் கூட்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. செய்யும் வேலை உள்ள எதற்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு.

மனநல மருத்துவர் என்னைவிட வயதில் சின்னப் பெண். இங்கேயும் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். சிறிய அளவில் ஒரு மாத்திரை எழுதினார். நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை மாற்றம் தெரியாது, நடுவில் நிறுத்தாதீர்கள் என்றார். வாரம் ஒருமுறை பேச ஓர் ஆலோசகரைக் காட்டினார். ஐந்தாம் வாரம் ஒருநாள் காலையில் காபி வாசனை கொஞ்சம் காபியாகவே வந்தது. மூக்குக்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை என்று தெரியும். ஆனால் அதைக் கவனித்து மகனைக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியதே, அது மாத்திரையின் வேலை என்று நம்புகிறேன். பதினான்கு மாதம் சாப்பிட்டேன். மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார். பழகிப்போகவில்லை.

இதோடு சாப்பாட்டையும் விடவில்லை. 2017இல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் மனச்சோர்வுள்ள 67 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு உணவு ஆலோசகர், மறு பாதிக்குப் பேச்சுத்துணை. உணவில் முழுத்தானியம், பயறு, காய், மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் என்று கூட்டி, இனிப்பையும் பொரித்ததையும் குறைத்தார்கள். 12 வாரத்தில் உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான். தவிர, பெரும்பாலானோர் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையை நிறுத்தாமல்தான் உணவை மாற்றினார்கள். இங்கே உணவு மாத்திரையோடு கைகோத்து நின்றது, அதை விலக்கிவிட்டு அல்ல. ஆலிவ் எண்ணெய்க்கு நான் எங்கே போவேன்? கம்மங்கூழ், கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரைப் பொரியல், தட்டப்பயறுக் குழம்பு, கடலை மிட்டாய்க்குப் பதில் வறுத்த கடலை, நல்லெண்ணெய். அம்மா உளுந்தங்களியில் கருப்பட்டியைக் குறைத்து உளுந்தைக் கூட்டினாள். பெரிய பிள்ளையான புதிதில் எனக்கு அவள் கிண்டிய அதே களி. பேறுகாலத்துக்கும் அதேதான். பெண்பிள்ளை தேற வேண்டிய காலங்களை மட்டும் நம் வீடுகள் அடையாளம் கண்டு, களிச்சட்டியை ஏற்றி, நாற்பது நாள் படுக்கப் போட்டன. காய்ச்சலில் விழுந்து எழுந்தவருக்கும் அப்படி நாற்பது நாள் ஒரு காலத்தில் இருந்திருக்கும். எனக்குக் கிடைத்தது பதினேழு நாள் விடுப்பு.

இவ்வளவு நாளும் என் மனசில் இன்னொருவர் இருந்தார். அப்பா.

2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியது. அந்த ஆண்டு நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் பாதித்ததாகக் கணக்கு. ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியில் வளைந்து முறுக்கிக்கொள்வது என்று பொருள்படும் சொல்லாம் அது. 1952இல் இன்றைய தான்சானியாவில் கண்டறிந்தபோது வைத்த பெயர். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் வளைந்து நடந்தார்கள். அப்பா தையல்காரர். அவருக்கு இரண்டு மணிக்கட்டும் விரல்களும் போயின. கத்தரியைப் பிடிக்க முடியாது, காஜா போட முடியாது. அம்மா நொச்சி போட்டு வேது பிடித்தாள், நிலவேம்புக் கஷாயம் வைத்தாள், முடக்கத்தான் தோசை சுட்டாள். நாலு மாதத்தில் விரல் வீக்கம் வற்றியது. ஆனால் அப்பா கடையைத் திறக்கவில்லை. திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் அப்படி இருந்தார். சம்பாத்தியம் போன கவலை என்று ஊர் சொன்னது. வேலை செய்யப் பிடிக்கவில்லை என்று சொந்தக்காரர் ஒருவர் அவர் காது கேட்கவே சொன்னார். நானும், கல்லூரி முடித்த வயசில், அவர்மேல் கோபப்பட்டேன். கஷாயம் எல்லாம் விரலுக்குத்தான் கொடுத்தோம்.

என் மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் கழித்து அவருக்கு ஃபோன் செய்தேன். "அப்பா, சிக்குன்குனியா வந்தப்ப உங்களுக்கு மனசு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. "கடச் சாவி சட்டப்பையிலேயே கெடக்கும்மா. எந்திரிக்கணும்னு நெனப்பேன். எந்திரிக்க மாட்டேன்" என்றார். பிறகு, "ராத்திரி கெணத்தடிக்குப் போயி நிப்பேன். ஒங்கம்மா பின்னாடியே வந்து நிப்பா. எதுவும் கேக்க மாட்டா" என்றார். பதினைந்து வருஷம் எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காக அந்தக் கட்டைப்பைகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஏன் ஓடிவந்தாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

காய்ச்சல் விட்ட பிறகு இப்படிக் கிணற்றடி நினைப்பு வருகிறவர்கள் இதைப் படித்தால், 14416க்கு ஃபோன் செய்யுங்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசில்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் மனசு எப்படி இருக்கிறது என்று பச்சையாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைக்காது.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவுக்கும் ரத்தம் எடுக்க வைத்தேன். எழுபத்தி நாலு வயசு, சைவம், பன்னிரண்டு வருஷமாக மெட்ஃபார்மின். பி12 என்னுடையதைவிடக் கீழே. நர்ஸ் அம்மா வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறார். ஊசி போட்ட அன்று புளி சேர்க்கலாமா, தடியங்காய் ஆகுமா என்று அம்மா அவரிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறாள். நிலவேம்பைப் பரணில் ஏற்றிவிட்டாள், தூக்கிப் போடவில்லை, அடுத்த காய்ச்சலுக்கு வேண்டும் என்கிறாள். பேரனுக்குச் சட்டை தைக்கிறேன் என்று அப்பா அளவு எடுத்தார். உடம்பையும் கையையும் அவரே வெட்டித் தைத்தார். காலருக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். காஜா மட்டும் அம்மா போட்டாள்.